சீட்டு

ஆல்டன்பூர்க் சீட்டுக்கட்டு செய்கிற ஊர்.
நீரூற்றின் மேல் நான்கு வெண்கல ஜாக்குகள்
எப்போதும் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள்.
இங்கே ஆடும் ஆட்டத்தில் ராசாவை ஜாக் வெட்டும்.
எங்கள் முந்நூற்றி நாலிலும் அப்படித்தான்,
ராசாவுக்கு மூன்றே புள்ளி என்றேன்.
ரோஸ்விதா நம்பவில்லை.
கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு
"மூன்றா!" என்று இரண்டு முறை சிரித்தாள்.

ஆறு மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்தோம்.
ஆரம்பப் பள்ளியின் உடற்பயிற்சி மண்டபம்,
ரப்பர் பாயின் வாடை,
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மூன்று மேசை.
நாங்கள் ஏழு பேர்.
எண்ணுவதை எவரும் வந்து பார்க்கலாம், சட்டம்.
கட்சி அனுப்பிய பெடியன் ஒருவன் வந்து
என் விரல்களை மட்டும் பார்த்தான்.

பார்க்கட்டும்.
லைப்சிக்கில் மாதச் சீட்டுப் பிடிக்கிறவள் நான்.
பதினாறு குடும்பத்தின் காசை எண்ணுகிற விரல்.
ஒரு ஐந்து யூரோ குறைந்தாலும்
கனடா வரை கதை போய்விடும்.

ரோஸ்விதா சொன்னாள்:
அந்தக் காலத்தில் வாக்களிக்கப் போகிறோம் என்று சொல்ல மாட்டோம்,
மடிக்கப் போகிறோம் என்போம்.
வாங்கு, மடி, போடு. அவ்வளவுதான்.
மூலையில் மறைப்பு ஒன்று இருக்கும்,
எண்பத்தாறில் நான் அதற்குள் போனேன்.
உள்ளே பென்சில் இல்லை.
வெளியே இருந்தது,
என் பெயரை எழுதிக்கொண்டிருந்தது.

என் கதையையும் கேட்டாள்.
எங்கள் ஊரில் ஒருமுறை
முடிவு முன்னால் வந்தது, பெட்டி பின்னால் வந்தது.
இன்னொருமுறை எங்கள் பக்கத்துத் துப்பாக்கியே
வாசலில் நின்று, போகாதே என்றது.
என் விரலில் மை பட்டதே இல்லை.
அதை ஜெர்மனில் சொல்லும்போது
"எங்கள் பக்கத்து" என்ற சொல்லில் நா கொஞ்சம் தடுக்கியது.

அப்போதுதான் அந்தச் சீட்டு வந்தது.
ஒரு வட்டத்தில் புள்ளடி, அதன் மேல் கிறுக்கல்,
கீழே வேறொரு வட்டத்தில் நடுங்கிய புள்ளடி.
கீழே இருந்தது
என்னை ஊருக்கு அனுப்ப நினைக்கிற கட்சி.

மனம் மாறியிருக்கிறார், செல்லும் என்றனர் மூவர்.
குழப்பம், செல்லாது என்றனர் மூவர்.
பெடியன் ஒரு அடி கிட்ட வந்தான்.
எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

கோட்டின் நடுக்கத்தை நான் அறிவேன்.
முதியோர் இல்லத்தில் கரண்டி பிடிக்கும் நடுக்கம் அது.
நேற்று நான் குளிப்பாட்டிய கையாகவும் இருக்கலாம்,
துவாயால் ஒவ்வொரு விரலாகத் துடைத்த கை.
இல்லாமலும் இருக்கலாம்.
எனக்கு அது தெரியக் கூடாது,
அதற்காகத்தான் இத்தனை மறைப்பும்.

"செல்" என்கிற சீட்டைப் பார்த்து
"செல்லும்" என்றேன்.

தமிழில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.
தலைவர் திரும்பக் கேட்டார்.
கையை உயர்த்தினேன்.

பெருந்தன்மை ஒன்றுமில்லை.
வயிறு எரிந்தது.
எங்கள் வட்டாரத்தில் அந்தக் கட்டுத்தான் உயரம்,
அதை இரண்டு தரம் எண்ணியதும் நான்தான்.

பிறகும் ஒரு சீட்டுக் குறைந்தது.
பதிவேட்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு, மேசையில் பதினொன்று.
மறுபடி எண்ணினோம். மறுபடியும்.
ரோஸ்விதா சப்பாத்தைக் கழற்றிவிட்டாள்.
யாரும் வீட்டுக்குப் போகவில்லை, அவனும்.
கைபேசி வெளிச்சத்தோடு முழங்காலில் ஊர்ந்து
பாய் அடுக்கின் அடியில் அவன்தான் கண்டான்.
தொட அவனுக்கு உரிமை இல்லை.
"அங்கே" என்றான் என்னிடம்,
அன்றிரவு அவன் பேசிய ஒரே சொல்.

குனிந்து எடுத்தேன்.
விரித்தபோது அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன்.
யாருக்கு விழுந்தது என்று
வீட்டில் கேட்டார்கள்.

அறுநூற்றுப் பன்னிரண்டு என்றேன்,
சோற்றைச் சூடாக்கினேன்.